முப்பத்தேழு நம்பர் கால்

ஆம்பூரில் ஷூ தைக்கிற பெண்களை எண்ணி மாளாது. ஷூ போட்டு நடப்பதையே வேலையாக வைத்திருப்பவள் ஃபீபி. பைபாஸ் ஓரத்துக் கம்பெனி ஒன்றின் சாம்பிள் ரூமில் ஏழு வருஷமாக இருக்கிறாள். வெளிநாட்டுப் பெண்களுக்குப் போகிற செருப்போ ஷூவோ, முதல் ஜோடி அங்கே முப்பத்தேழாம் நம்பரில்தான் தயாராகும். அந்த நம்பருக்கென்றே கடவுள் அளவெடுத்துச் செய்த மாதிரி அமைந்துவிட்டது இவள் கால். போட்டு நடந்து பார்த்து, இங்கே பிடிக்கிறது, அங்கே இடிக்கிறது என்று இவள் சொன்னால், ஷூ செய்யும் கால் அச்சைத் திருத்துவார்கள். பிறகுதான் ஆயிரக்கணக்கில் லைனில் ஓடும்.

இருபது அடி போய் இருபது அடி வருவாள். அந்த நேரத்தில் ஃபீபி ஆம்பூரில் இருப்பதில்லை. கணுக்கால் வரை மூடிய பூட்ஸ் என்றால் பனி கொட்டும் ஏதோ ஒரு தெருவில், காலடி நறநறக்க, யாரையோ பார்க்கப் போய்க்கொண்டிருப்பாள். மெல்லிய வார் வைத்த செருப்பென்றால் கடலோரம். பாஸ்போர்ட் இல்லாமல் அவள் போகாத ஊர் இல்லை. "இன்னாம்மா, எங்க இருக்குற?" என்று சாம்பிள் மாஸ்டர் ராமமூர்த்தி கேட்ட பிறகுதான் திரும்பி வருவாள்.

போன கிறிஸ்துமஸ் இந்தப் பயணத்துக்கெல்லாம் உலை வைத்தது. சபையாரோடு கேரல் பாடப் போன வீட்டிலெல்லாம் கேக், கல்கல், அதிரசம். வேண்டாம் என்றால் வீட்டுக்காரர் முகம் வாடுகிறது. முகம் வாடாமலிருக்க ஃபீபி சாப்பிட்டாள். ஐந்து கிலோ ஏறியது. ஏறினது இடுப்போடு நின்றிருந்தால் யாருக்கென்ன, பாதத்திலும் இறங்கிவிட்டது. ஜனவரியில் போட்ட ஷூ பிடித்தது. பிடிக்குது என்று உள்ளதைச் சொன்னாள். அச்சை அகலமாக்கினார்கள். மூவாயிரம் ஜோடி, போன இடத்தில் லொடலொடவென்று கிடக்கிறதென்று திரும்பி வந்தது. ராமமூர்த்தி திட்டவில்லை. "அடுத்த ஜனவரியும் இப்டின்னா வேற கால் பாத்துக்குறேம்மா," என்றார். திட்டியிருந்தால் தேவலாம். ஏறினது இறங்கி, கால் பழைய அளவுக்கு வர ஆறு மாசமாயிற்று.

ஊரில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வீடு கட்டுவார்கள். இந்த டிசம்பரில் ஃபீபி காலைக் காப்பாற்றக் கட்டினாள். கேரல் இருக்கும் நாளில் விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும். சாயங்காலம் ஒரு துண்டு கேக் தின்றால் சரியாகப் போகும் என்று நினைப்பு. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது சும்மா சொன்னதில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது வீட்டில், பாட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு தட்டுக் கல்கல்லைத் தனி ஆளாக முடித்தாள். மற்றவர்கள் அப்போது இரண்டாம் சரணத்தில் இருந்தார்கள். வீட்டுக்கு வந்து பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் வீங்கின முகத்தைப் பார்த்து, எதிர்வீட்டு பில்கிஸ் விசாரித்தாள். இருவருக்கும் ஒரே வயது. எல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"பட்னியா கெடந்துட்டு பலகாரம் வெக்கிற வூட்டுக்குப் போவாங்களாடி? நானு நோன்பு மாசத்துலதான் வெயிட் போடுவேன், தெரியுமா? பசியோட ஒக்காந்தா கை நிக்காது. நீ வூட்லயே நல்லா சாப்ட்டுட்டுப் போ."

"உங்க வூட்டு பிரியாணிக்கு இன்னா பண்றது?" என்றாள் ஃபீபி. கிறிஸ்துமஸ் அன்று இவள் கொடுத்தனுப்பும் பலகாரத் தட்டு ஒரு வருஷமும் வெறுமனே திரும்பியதில்லை.

"பிரியாணி வரும். சோறு கம்மியா, வெங்காயப் பச்சடி ஜாஸ்தியா. அதுக்குப் போய் பேஜாராவாத."

அன்றிலிருந்து மத்தியானம் கீரையும் குழம்புமாக வயிறாரச் சாப்பிட்டாள். கிளம்புமுன் ஒரு கிண்ணம் சுண்டல். போகிற வீட்டில் ஒரே ஒரு அதிரசத்தை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள். கையில் இருக்கிறவளிடம் யாரும் தட்டை நீட்டுவதில்லை என்பது அவளாகக் கண்டுபிடித்தது. வேனில் ஏறாமல் நடந்தாள். பாட்டு முன்னால் போய்க்கொண்டிருக்க, மார்கழிப் பனியில் வாசலுக்கு வாசல் காகித நட்சத்திரங்கள் தொங்க, ரப்பர் செருப்போடு பின்தங்கி நடந்தபோது ஒரு நினைப்பு வந்தது. இந்நேரம் எங்கோ ஒரு ஊரில், தன் கால் முதலில் புகுந்து பார்த்த பூட்ஸில் ஒருத்தி நடந்துகொண்டிருப்பாள். அவளுக்கும் இது பண்டிகைக் காலம்தானே, அவளையும் வீட்டுக்கு வீடு கேக்கை நீட்டிச் சாப்பிடச் சொல்வார்களே, பாவம், அவள் பாதம் என்ன ஆகும்? முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காக ஃபீபி உண்மையாகவே கவலைப்பட்டாள். அப்படியே தெருக் கோடி வந்துவிட்டது.

ஜனவரியில் கம்பெனி திறந்த அன்று ராமமூர்த்தி டேப்பை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். பாதத்தைச் சுற்றிய டேப் பழைய அளவிலேயே நின்றது. அவர் புது ஷூவை நீட்டினார். போட்டாள். நடந்தாள். நாலாவது அடியிலேயே சுண்டுவிரல் பக்கம் பிடித்தது.

இன்னும் இரண்டு தரம் போய் வந்தாள். பிடித்தது. சரியாயிருக்கு என்று சொல்லிவிட்டால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. ஆனால் ஆயிரம் பெண்களுக்கு அதே விரல் நோகும்.

"புடிக்குது சார்," என்றாள்.

அறையே திரும்பிப் பார்த்தது. ராமமூர்த்தி எழுந்து நின்றார். "காலா, ஷூவா?"

போன வருஷம் இதைக் கேட்டிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்காது. ஒரு மாதம் தன் காலை அவள் நாள் தவறாமல் பார்த்திருக்கிறாள்.

"ஷூதான் சார்."

அவர் சட்டைப் பையிலிருந்து, தோலில் குறி போடும் வெள்ளி மைப் பேனாவை எடுத்து, குனிந்து, அவள் சுண்டுவிரல் இருந்த இடத்தில் ஷூவின் மேல் ஒரு கோடு போட்டு, அச்சைத் திருத்தச் சொல்லி அந்த ஷூவைக் கொடுத்தனுப்பினார்.