டயோடை எரித்த கை

எனக்கு அறுபத்தேழு வயதாகிறது. நான்கு பேரை வளர்த்தேன். மூன்று என் வயிற்றில் பிறந்தவை, ஒன்று செத்துப்போன தங்கையுடையது. இப்போது திண்டிவனத்தில் கடைசி மகன் வீட்டில் இருக்கிறேன். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒரு பக்கம் எழுத மூன்று நாள் ஆகும். ஆகட்டும். இதை வேறு யாரும் எழுதப்போவதில்லை.

விழுப்புரத்தில் ஸ்டெபிலைசர் செய்யும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் சால்டரிங் வைத்தேன். ரெசிஸ்டரின் நிறவளையங்களைப் பார்த்து மதிப்புச் சொல்லத் தெரிந்த பிறகுதான், பஸ்ஸின் ஊர்ப்பலகையைத் தடுமாறாமல் படிக்க வந்தது. பழுதாகித் திரும்பி வந்த போர்டுகளை என் மேசைக்குத்தான் அனுப்புவார்கள். பீற்றிக்கொள்ளச் சொல்லவில்லை, நடந்தது அதுதான்.

மகன் ஒரு சின்ன லேசர் மெஷினைத் தானே கோத்தான். மரத்துண்டில் பெயரைச் சுட்டு எழுதும். அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் கோயில் முன்னால் கடை போட்டு, பிள்ளைகள் பெயர் எழுதிய சாவிக்கொத்து விற்பான். அவன் கடை போடும் இடத்தில் கரண்ட் கிடையாது, பேட்டரிதான். மரத்தைச் சுடும் வெளிச்சத்தைக் கொடுக்கும் லேசர் டயோடு சட்டைப் பொத்தான் அளவுகூட இருக்காது. கரண்ட் கொஞ்சம் கூடினாலும் செத்துவிடும். அதற்கு அளந்து கொடுக்க நடுவில் ஒரு போர்டு உண்டு, டிரைவர் என்பார்கள். அவன் வாங்கிப் போட்டிருந்த டிரைவர் மட்டமானது. பேட்டரி பன்னிரண்டு வோல்ட் கொடுக்கிறது, டயோடுக்கு நாலரைதான் வேண்டும். மிச்சத்தையெல்லாம் அது சூடாக்கித் தள்ளியது. அலுமினியத் தகட்டில் விரல் வைக்க முடியாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கே பேட்டரி படுத்துவிடும். கூட்டமோ சாயங்காலம்தான் சேரும்.

"நான் ஒண்ணு கட்டித் தர்றேன்டா" என்றேன்.

"யம்மா, இது ஸ்டெபிலைசர் இல்ல. லேசரு."

"எதுவா இருந்தா இன்னா? கரண்ட் கரண்ட்தான்."

"சரி, பொழுது போகலன்னா பண்ணு."

விழுப்புரத்துக்குப் பஸ் ஏறிப்போய்ச் சோக்கு என்கிற கம்பிச்சுருளும் ஐ.சி.யும் வாங்கி வந்தேன். கரண்டை விட்டு விட்டு நிறுத்தி, சோக்கில் தேக்கிக் கொடுக்கும் முறை அது. மிச்சத்தை எரித்துத் தொலைக்காது. லேசர் டயோடை உடனே மாட்டவில்லை. சாதாரண டயோடுகளை வரிசையாகக் கோத்து, ஒரு பெரிய ரெசிஸ்டரும் சேர்த்து, அதையே லேசர் என்று பாவித்து இரண்டு நாள் ஓடவிட்டேன். வெளியே வந்தது ஒரு ஆம்பியர். பேட்டரியிலிருந்து இழுத்தது அரை ஆம்பியருக்கும் கீழே. தகட்டில் உள்ளங்கையையே வைத்தேன், வெதுவெதுப்புதான்.

கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னேன். "மொதல்ல டயோடு, அப்புறம்தான் சுவிட்சு. சுவிட்சப் போட்டுக்கினு டயோட மாட்டாத. கெப்பாசிட்டர் முழு வோல்ட்டையும் ரொப்பி வச்சிக்கினு நிக்கும். மாட்டின ஒடனே மொத்தமா கொட்டிப்புடும்."

"சரிம்மா, சரிம்மா" என்றான், போனில் விரலை ஓட்டிக்கொண்டே.

முதல் அமாவாசை இருட்டும்வரை ஓடியது. இரண்டாவதுக்கு நானும் கூடப் போனேன். அவன் கடையை விரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு அம்மா பேத்தி பெயர் எழுத வந்து நின்றாள்.

"ஜல்தியா போட்டுக் குடுப்பா, வரிசையில எடம் போயிடும்."

அவன் சுவிட்சைப் போட்டான். மெஷின் நகர்ந்தது, வெளிச்சம் இல்லை. டயோடு வயரைச் சொருகவில்லை என்று அப்போதுதான் பார்த்தான். "டேய், அணைடா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சொருகிவிட்டான். நீலம் வந்தது, ஆனால் பொம்மை விளக்கு மாதிரி மங்கலாக. செத்த டயோடு அப்படித்தான் எரியும். மரத்தில் ஒரு புள்ளிகூடக் கருகவில்லை.

"பேரு எங்கப்பா?" என்றாள் அந்த அம்மா.

"எங்கம்மா கட்டின போர்டுங்க. வயசாயிடுச்சு, கை நடுங்குது. பாவமேன்னு மாட்டினேன், வேலையக் காட்டிடுச்சு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெற்ற பிள்ளையை நாலு பேர் முன்னால் பொய்யன் என்று சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அதே போர்டில் என் டயோடு வரிசையை மாட்டினேன். மீட்டர் அதே ஒரு ஆம்பியரைக் காட்டியது. "வந்து பாருடா" என்றேன். அவன் வரவில்லை. மறுநாள் என் சால்டரிங் அயர்ன் பரண்மேல் போயிருந்தது. கண்ணுக்கு ஆகாதாம், டிவி பார்க்கணுமாம். உறவுக்காரர் யார் வந்தாலும் மருமகள் காபியோடு அந்தக் கதையையும் கொடுப்பாள். "அத்த கை வச்சாங்க, டயோடு அவுட்டு."

போன மாதம் காலேஜ் பிள்ளைகள் சிலர் மெஷினைப் பார்க்க வந்தார்கள். முன் அறையில் அதைத் திறந்து வைத்து, "டிரைவர் நானே டிசைன் பண்ணது. சாயந்திரம் வரைக்கும் ஒரே பேட்டரி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் டீ எடுத்துப் போனேன். உள்ளே இருந்தது என் போர்டு. பழைய டெலிபோன் வயரை உரித்து நான் போட்ட பச்சைக் கம்பிகூட அப்படியே இருந்தது. டயோடு மட்டும் புதுசு.

"எதுல கவனமா இருக்கணும் சார்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"மொதல்ல டயோடு, அப்புறம்தான் சுவிட்சு. மாத்திப் பண்ணா கெப்பாசிட்டர் மொத்தமா கொட்டிடும்."

"உங்களுக்கு அப்படி ஆயிருக்கா சார்?"

"எங்க வீட்ல ஒரு தடவ ஆச்சு" என்றான். யார் கையால் என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான். பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

தெரியாமல் பழி போட்டான் என்றுதான் இத்தனை நாள் மனசைத் தேற்றி வைத்திருந்தேன். தெரிந்தேதான் போட்டிருக்கிறான். போர்டு நல்லது என்று தெரியாவிட்டால் புது டயோடை அதில் மாட்டியிருப்பானா? இருபத்திரண்டு வருஷம் ஒருத்தரும் குறை சொல்லாத கை இது. பெற்ற பிள்ளை சொன்னான். என்னால் அதை விழுங்க முடியவில்லை.

பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள்.

"இங்க வா கண்ணு. ஆயா எழுதினத சத்தமா படி. எழுத்து தப்பா இருந்தா திருத்திக்கோ, வார்த்தைய மட்டும் மாத்தாத. இரு இரு, இங்க வேணாம். உங்கப்பா முன் ரூம்ல ஆளுங்களோட பேசிக்கினு இருக்காரு பாரு, அங்க போயி நின்னு படி."