லிப்ஸ்டிக்குக்கு எடுத்த புடவை

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது வீட்டில் எல்லோரும் மண்டபத்தைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் என் உதட்டைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான் எனக்கு குளூட்டன் ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் கண்டுபிடித்தார். கோதுமை, பார்லி மாதிரி தானியங்களில் இருக்கிற புரதம் அது. வயிறு உப்பி, வாயெல்லாம் புண்ணாகி, படியேறினால் மூச்சு வாங்கி, விதவிதமாக மாத்திரை தின்ற பிறகு தெரிய வந்த காரணம். "சப்பாத்தி, பூரி, புரோட்டா, பிஸ்கட் எதையும் தொடக் கூடாதும்மா" என்றார் டாக்டர்.

அம்மா சிரித்தே விட்டாள். "அம்புட்டுத்தானா சார்? நாங்க நெல்லு போடுறவுக. இவளுக்குச் சோத்துக்கா பஞ்சம்?"

வீட்டுக்கு வந்து பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. அதில் மைதா கலந்திருந்தது. "பெருங்காயத்துல போயி எவன்டி மைதாவைப் போட்டது?" என்று அம்மா அன்று முழுக்கத் திட்டினாள். அத்தோடு எங்கள் வீட்டு ரசத்தில் பெருங்காயம் போய், பூண்டு இரண்டு பங்காக ஏறியது.

சில மாதங்களில் வயிறு சரியானது. உடம்பில் தெம்பு வந்தது. உதட்டோரப் புண் மட்டும் போகவில்லை. அதிலும் ஒரு வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை ஆறுகிற மாதிரி இருக்கும், வியாழன் வெள்ளியில் திரும்ப வந்துவிடும். முழுப் பரீட்சை லீவில் காணாமலே போனது. "ஒனக்குப் பள்ளிக்கூடந்தான் ஒத்துக்கல" என்றாள் அம்மா.

நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. ஒருநாள் ஆண்டு விழாவுக்காக, வழக்கமாக வாங்கும் லிப்ஸ்டிக்கில் புதிது ஒன்றை ஸ்டாஃப் ரூமில் பிரித்தேன். விழா தொடங்க நேரம் இருந்ததால், பொழுது போகாமல் அட்டைப் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தேன். எறும்பு வரிசை மாதிரி எழுத்து. நடுவில் டிரிட்டிகம் வல்கேர் என்று இருந்தது. கோதுமையின் பழைய தாவரவியல் பெயர். டிரிட்டிகம் என்று வருஷா வருஷம் போர்டில் எழுதி, பிள்ளைகளை ஒப்பிக்க வைத்தவள் நான். அதைத்தான் தினம் காலையில் உதட்டில் பூசிக்கொண்டு வகுப்புக்குப் போயிருக்கிறேன். லீவு நாளில் பூசுவதில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசை கணக்கு டீச்சர் பயந்து போனார்.

டாக்டரிடம் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். "முகத்துல பூசுறது பெரும்பாலும் பிரச்சனை பண்ணாது. ஒதட்டுல பூசுறது கொஞ்சங் கொஞ்சமா வயித்துக்குத்தானே போகுது? நிறுத்திப் பாருங்க" என்றார். நிறுத்தினேன். ஆறிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் கல்யாணமும் நிச்சயமானது.

"வெத்தலை போட்டா ஒதடு செவக்காதா? கோதுமை இல்லாத லிப்ஸ்டிக்குக்கு எங்கடி போறது?" என்றாள் அம்மா. நானோ அலங்காரத்துக்கு ஆசைப்படுகிறவள். என் கல்யாண போட்டோவில் நான் வெளிறிப்போய் நிற்க மாட்டேன் என்று கிளம்பினேன்.

முதலில் விளக்குத்தூண் கடைத்தெருவில் ஒரு ஃபேன்சி ஸ்டோர். ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, போன் கேமராவில் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருந்தேன். கடைக்கார அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "தங்கச்சி, லிப்ஸ்டிக் வாங்க வந்தீகளா, பலசரக்கு வாங்க வந்தீகளா?"

பெட்டியில் இருந்த நம்பர்களுக்கெல்லாம் போன் போட்டேன். "இதில் கோதுமை சேர்ந்திருக்கிறதா?" என்று கேட்டால், "இது சாப்பிடுற பொருள் இல்ல மேடம்" என்றார் ஒருவர். இன்னொருவர் யோசித்து, "நூறு சதவீதம் வெஜிடேரியன் மேடம்" என்று பெருமையாகச் சொன்னார். கோதுமையும் வெஜிடேரியன்தான் என்று அவருக்கு எப்படி விளக்குவது?

கடைசியில் ஆனையூரில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் ஒரு அக்காவிடம் போனேன். எனக்கு மணப்பெண் அலங்காரம் செய்ய ஒப்புக்கொண்டிருந்தவர். கேலி செய்வார் என்றுதான் நினைத்தேன். அவர் கதவில் மாட்டியிருந்த பலகையை 'மூடியுள்ளது' என்று திருப்பினார். தன் மேக்கப் பெட்டியை அப்படியே தரையில் கவிழ்த்தார்.

"ஒரு தடவை ஒரு பொண்ணுக்கு என்னமோ ஒத்துக்காம தாலி கட்டுற நேரத்துல மொகம் வீங்கிப் போச்சு. அதுலருந்து கேக்காம நான் யாரையும் தொடுறதில்ல. நீ படி, நான் பிரிச்சு வைக்கிறேன்" என்றார்.

அன்று சாயந்திரம் வரை படித்தோம். கோதுமையின் பெயர் இருந்ததால் ஒதுக்கியவை ஒரு பக்கம். சந்தேகம் இன்னொரு பக்கம். வைட்டமின் ஈ என்று போட்டிருப்பார்கள். அதைக் கோதுமை முளையிலிருந்தும் எடுக்கலாம், வேறு எதிலிருந்தும் எடுக்கலாம். சந்தேகப்பட்ட எல்லாக் கம்பெனிக்கும் அக்கா போனிலிருந்தே மெயில் அனுப்பினேன். பத்து நாள் கழித்து ஒரு சின்னக் கம்பெனி மட்டும் தெளிவாகப் பதில் போட்டது. கோதுமையும் இல்லை, பார்லியும் இல்லை; ஆனால் ஒரே ஒரு கலருக்குத்தான் உறுதி சொல்ல முடியும். அந்தக் கலர் செங்கல் நிறம்.

அதை வாங்கி இரண்டு வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன். வேண்டுமென்றே உதட்டைத் துடைக்காமல் அதோடு தயிர்ச்சோறும் சாப்பிட்டேன். ஒரு புண்கூட வரவில்லை.

அடுத்த சிக்கல் புடவை. முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. மாப்பிள்ளையின் அத்தை ராணி கலர் என்று முடிவே செய்திருந்தார். அந்தப் பளிச் ரோஸுக்குச் செங்கல் உதடா? மாப்பிள்ளைக்கே போன் செய்தேன்.

"புடவை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும்."

"சொல்லுங்க" என்றார், குரல் இறங்கிப்போய்.

"எனக்கு ஒலகத்துலயே ஒரு லிப்ஸ்டிக்தான் ஒத்துக்குது."

"இம்புட்டுத்தானா? நான் கல்யாணமே வேணாம்னு சொல்லப் போறீங்கன்னு நெனச்சேன்!" அவர் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

ஜவுளிக்கடைக்கு லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டே போனேன். அத்தை என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "ஒதட்டுச் சாயத்துல கோதுமையா? அப்ப ஒடம்பு எளைக்கணும்னு நான் சப்பாத்திய விட்டதெல்லாம் வீணா, ஆத்தா?" என்று கேட்டு, அங்கேயே தன் உதட்டைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். பிறகு ராணி கலரை அவரே தள்ளி வைத்துவிட்டு, "இந்தப் புள்ள ஒதட்டு நெறத்துல எடுத்துப் போடுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னார்.

கடைக்காரர் பட்டுகளைப் பிரித்துப் பிரித்து என் தாடைக்குக் கீழே பிடித்தார். "ஜாக்கெட்டக் கொண்டாந்து மேட்ச் பாப்பாங்க. ஒதட்டக் கொண்டாந்து மேட்ச் பாக்குறத இப்பத்தாம்மா பாக்குறேன்." எத்தனையோ மடிப்புக் கலைந்த பிறகு ஒன்று கிடைத்தது. செங்கல் நிறம், இலைப்பச்சை பார்டர். எல்லோரும் ஒரே நேரத்தில் "இதுதான்" என்றோம்.

கல்யாணம் சமயநல்லூரில். காலையில் பார்லர் அக்கா எனக்கென்றே வாங்கிய புதுப் பிரஷ்களோடு வந்து இறங்கினார். மேக்கப் நன்றாகவே வந்தது. தாலி கட்டி முடிந்து போட்டோவுக்கு நிற்கும்போது ஒரு சித்தி, "பொண்ணு ஒதடு மங்கிப் போச்சே" என்று தன் பையிலிருந்து லிப்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு மேடையேறினார். அக்கா கீழே பந்தியில் இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை பாய்ந்து நடுவில் நின்றுவிட்டார்.

"கிட்ட வராத! அதுல கோதுமை இருக்கும்!"

மேடையில் இருந்த மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. போட்டோக்காரர் அந்த நொடியை எடுத்துவிட்டார். எங்கள் கல்யாண ஆல்பத்தில் எனக்குப் பிடித்த படம் அதுதான். அத்தை இரண்டு கையையும் விரித்து நிற்கிறார். சித்தி லிப்ஸ்டிக்கோடு திகைத்து நிற்கிறார். பின்னால் நாங்கள் இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறோம்.

விருந்தெல்லாம் முடிந்தும் எனக்கு உடம்புக்கு ஒன்றும் வரவில்லை. பார்லரில் இப்போது இதற்கென்றே தனியாக ஒரு தட்டு இருக்கிறது. நாகமலை புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் ஒரு பெண், அவளுக்கும் இதே தொந்தரவு, போன மாதம் விசாரித்துக்கொண்டு வந்தாளாம். அக்கா வீடியோ காலில் என்னைக் கூப்பிட்டார். மூன்று பேருமாகப் படித்து, மெயில் போட்டு, காத்திருந்து, ஒரு ரோஸ் கலரைப் பிடித்துவிட்டோம். எனக்கொன்று, அவளுக்கொன்று. எந்தத் தொந்தரவும் இல்லாத அக்காவும் தனக்கொன்று எடுத்துக்கொண்டார்.