சேலைக் கரையின் மறுமுனை

தூக்கம் வரவில்லை என்று புலம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒரு காலத்தில் சிரிப்புதான் வரும். தலையணையில் தலை பட்டதும் போய்விடுகிற ரகம் நான். மட்டாஞ்சேரியில் எங்கள் வீடு பஜார் ரோட்டிலிருந்து ஒரு சந்து உள்ளே இருந்தது. விடியுமுன்பே சுக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கைவண்டிகள் கடகடவென்று போகும். மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் சத்தம் போட்டு ஒருவரை ஒருவர் எழுப்புவார்கள். வலைக்கு வெளியே கொச்சிக் கொசுக்கள் கச்சேரி நடத்தும். எதுவும் என்னை அசைத்ததில்லை.

எங்கள் குடும்பத்தில் என்னையும் மிஞ்சியவள் ஒருத்தி இருந்தாள். என் கணவரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. ஊருக்குப் போய்த் திரும்பும்போது எறணாகுளத்தில் இறங்க வேண்டியவள், ரயிலில் தூங்கிப்போய் ஆலுவாவில் கண் விழித்ததாக அவளைப் பற்றி ஒரு கதை உண்டு. விசேஷ வீடுகளில் எல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்போம். அவளும் சேர்ந்து சிரிப்பாள். இது நாங்கள் பேசிக்கொண்டிருந்த காலத்துக் கதை.

பிறகு பேச்சு நின்றுபோனது. அண்ணனும் தம்பியும் வீட்டை இரண்டாகப் பிரித்து நடுவில் பலகைச் சுவர் அடித்தபோது, தரையில் பதித்த ஆட்டுக்கல் அவள் பக்கம் போய்விட்டது. தண்ணீர்க் குழாய் என் பக்கம் வந்துவிட்டது. நீ தண்ணீர் கொடுத்தால் நான் கல்லைக் கொடுக்கிறேன் என்று யாராவது ஒருத்தி முதலில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் தெருக் குழாய்க்குக் குடத்தோடு போனாள். நான் அண்டை வீட்டுக்கு அரிசி ஊறவைத்து எடுத்துப் போனேன். போதாததற்கு, சுவர்ப் பலகையில் ஒரு கணு உதிர்ந்து விழுந்த ஓட்டை இருந்தது. அவள் எட்டிப் பார்க்கிறாள் என்று நான் காகிதத்தை உருட்டி அடைத்தேன். நான் எட்டிப் பார்க்கிறேன் என்று அவள் அந்தப் பக்கம் மெழுகை உருக்கி ஊற்றினாள். இரண்டு வருஷம் இப்படி ஓடியது.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் எனக்குக் குடல்வால் உடைந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படகில் ஏறியது நினைவிருக்கிறது. அக்கரையில் இறங்கியது நினைவில்லை. ஆப்பரேஷன் முடிந்து கண் திறந்தபோது பெண்கள் வார்டில் ஓர் இரும்புக் கட்டிலில் கிடந்தேன். கட்டிலுக்கு அடியில் யாரோ பாயை உதறி விரிக்கிற சத்தம் கேட்டது.

கேரளத்து ஆசுபத்திரிகளில் நோயாளியோடு ஒரு கூட்டிருப்பு வேண்டும். கூடவே இருந்து கஞ்சி ஊட்டி, துணி மாற்றி, கட்டிலுக்கு அடியிலேயே பாய் போட்டுப் படுக்கிற ஆள். பெண்கள் வார்டில் ஆணுக்கு இடமில்லை. என் பிறந்த வீடு தென்காசிப் பக்கம். அங்கிருந்து ஆள் வந்து சேர நாளாகும். என் கணவர் யாரைக் கேட்பது என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, அவள் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு படகுத்துறைக்கு வந்து நின்றாளாம். "நான் போறேன். அவகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாளாம். அடியில் படுத்திருக்கிறவளைப் பற்றி மேலே கிடக்கிறவளிடம் எதைச் சொல்லாமல் இருக்க முடியும்?

இருந்தும் நாங்கள் பேசவில்லை. வைராக்கியம் என்றால் அப்படி ஒரு வைராக்கியம். பக்கத்துக் கட்டிலில் சேர்த்தலை ஊர்க்காரச் சேச்சி ஒருவர் இருந்தார். எங்கள் தூது அவர்தான். "கஞ்ஞி குடிக்கான் அவளோடொன்னு பறயாமோ சேச்சி" என்பாள் ஓரகத்தி, அவளைக் கஞ்சி குடிக்கச் சொல்லுங்களேன் என்று, கிண்ணத்தை என் முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டே. "உப்பு போதாது என்று சொல்லுங்கள் சேச்சி" என்று நானும் மலையாளத்திலேயே பதில் சொல்வேன். சேச்சி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்: "நிங்ஙள்க்கு தம்மில் தமிழ் அறிஞ்ஞூடே?" உங்களுக்குள் பேசிக்கொள்ளத் தமிழ் தெரியாதா என்று. வார்டே சிரித்தது. தையல் இழுத்ததால் நான் சிரிக்க முடியாமல் அழுதேன்.

முதல் ராத்திரியே அவள் தூங்கிவிட்டாள். என் சலைன் பாட்டில் காலியாகி, குழாயில் ரத்தம் மேலே ஏறத் தொடங்கியிருந்தது. எனக்குக் குரல் எழும்பவில்லை. எழும்பியிருந்தாலும் அவளைக் கூப்பிட்டிருப்பேனா என்பது வேறு விஷயம். வந்து பார்த்த சிஸ்டர் அவளைப் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டார். உறங்கவா கூட்டிருப்புக்கு வந்தாய் என்று கேட்டார். விடிந்ததும் அவள் தன் பழைய சேலையின் கரையை நீளமாகக் கிழித்தாள். பச்சைக் கரை. ஒரு முனையை என் இடது மணிக்கட்டில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் கட்டிக்கொண்டாள். எது வேண்டுமானாலும் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள் என்று சேச்சியிடம் சொன்னாள்.

நான் இழுப்பேனா? தாகம் எடுத்தால் நானே கூஜாவை எட்டினேன். பாதித் தண்ணீர் படுக்கையில் கொட்டியது. ஈரத்தில் கிடந்தேனே தவிர இழுக்கவில்லை.

அந்த வார்டில்தான் எனக்குத் தூக்கம் போனது. முதலில் பினாயில் வாடையைக் குற்றம் சொன்னேன். பிறகு அணைக்காத விளக்கை, பிறகு வலையில் இருந்த ஓட்டைகளை. சேச்சி வீட்டுக்குப் போன அன்று உண்மையான காரணம் வந்து சேர்ந்தது. எதிர்க் கட்டிலில் இருந்த அம்மாள், மத்தியானச் சாப்பாடு முடிந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். கொடுத்துவைத்தவள், என்ன அருமையாகத் தூங்குகிறாள் என்று பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்து கொடுக்க வந்த சிஸ்டர் தோளைத் தொட்டு எழுப்பினார். அவர் எழுந்திருக்கவில்லை. தூங்கத்தான் போனார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்குக் கண்ணை மூடவே பயமாக இருந்தது. மூடினால் திறக்க மாட்டேன் என்று எப்படியோ மனதில் பதிந்துவிட்டது.

அன்று இரவு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். தூது சொல்லச் சேச்சியும் இல்லை. அப்போது மணிக்கட்டில் மெல்ல ஓர் இழுப்பு. அவள் புரண்டிருப்பாள் என்று நினைத்தேன். மறுபடியும் ஓர் இழுப்பு. புரளுகிறவள் அவ்வளவு பதமாக இழுக்க மாட்டாள். உறங்கிட்டியா என்று கேட்கிறாள் என்று புரிந்தது. கொஞ்ச நேரம் சும்மா கிடந்தேன். பிறகு நானும் ஒருமுறை இழுத்தேன். அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஆனால் நான் போனால் மறுமுனையில் இருப்பவளுக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு தைரியம் வந்தது. தூங்கிவிட்டேன்.

மற்ற ராத்திரிகளும் அப்படியே. அவள் ஒருமுறை இழுப்பாள், நான் ஒருமுறை இழுப்பேன். பகலில் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று காலை முடிச்சை அவிழ்த்து, கரையைச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டாள். அதை என்னிடம் கொடு என்று கேட்க வாய் வரை வந்தது. படகில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்து வந்தோம். சந்துக்குள் வந்ததும் அவள் தன் வாசலுக்குள் போனாள், நான் என் வாசலுக்குள் வந்தேன்.

என் தலையணை, என் வலை, என் கைவண்டிச் சத்தம். இனித் தூக்கத்துக்கு என்ன குறை? படுத்தேன். எதிர்க் கட்டில் அம்மாளும் என்னோடு படகேறி வந்துவிட்டார் போல. கண்ணை மூடினால் அவர் முதுகுதான் தெரிந்தது. என் கணவர் மிளகு, ஜாதிக்காய் கிட்டங்கியில் வேலை பார்த்தவர். ஜாதிக்காயைப் பாலில் இழைத்துக் குடித்தால் தூக்கம் வரும் என்று யாரோ சொல்ல, சட்டைப் பை நிறையக் கொண்டுவந்து இழைத்து இழைத்துக் கொடுத்தார். வீடே மணத்தது. எனக்கு வாந்திதான் வந்தது. ஒருநாள் வெட்கத்தை விட்டு, அவர் தூங்கியபின் என் சேலைத் தலைப்பை அவர் கையில் கட்டிப் பார்த்தேன். மனிதர் தூக்கத்தில் வண்டி இழுக்கிறவர் மாதிரி புரண்டு படுத்தார். தையல் பிரிந்துவிடும் என்று பயந்து அவிழ்த்துவிட்டேன்.

புண் ஆறவில்லை. ஓரத்தில் நீர் கசிந்தது. கட்டு மாற்றப் போனபோது டாக்டர், தூங்காமல் இருந்தால் உடம்பு எப்படித் தேறும், இப்படியே போனால் திரும்பவும் சேர்க்க வேண்டியதுதான் என்றார். மறுபடி அந்த வார்டா? வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. அக்கா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும். அந்த வார்த்தைதான் வாயில் வரவில்லை.

டாக்டர் சொன்னதை என் கணவர் அவர் அண்ணனிடம் வாசலில் நின்று சொல்லியிருக்கிறார். அன்று விளக்கு வைத்தபின் நான் படுத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் எலி கரண்டுகிற மாதிரி ஒரு சத்தம். என் காகித உருண்டை மெல்ல முன்னால் நகர்ந்து, பொத்தென்று என் தலையணையில் விழுந்தது. அதற்குப் பின்னால் மெழுகுத் துணுக்குகள் உதிர்ந்தன. பிறகு பச்சைக் கரை வந்தது. பாம்புக்குட்டி மாதிரி நெளிந்து நெளிந்து வந்து நின்றது. எடுத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். ஓர் இழுப்பு வந்தது. நான் பதிலுக்கு இழுத்தேன். காலையில் கைவண்டிகள் போனதுகூட எனக்குத் தெரியவில்லை.

கசிவு நின்றது. முகம் தெளிந்தது. என் கணவர் அது ஜாதிக்காயின் மகிமை என்று கிட்டங்கி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பாவம், சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "அண்ணி நின்னுக்கிட்டே உறங்குறாங்க. ரேஷன் கடையில விழப் பார்த்தாங்களாம். ராத்திரி பூரா சுவத்துல சாஞ்சு உக்காந்தே இருக்காங்கன்னு அண்ணன் சொல்றாரு. அந்த மூலையில கட்டில் போட இடமில்லையாம்."

எனக்குக் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம். யார் இவளை உட்காரச் சொன்னது? அவர் கிட்டங்கிக்குத் திரும்பிப் போனதும், வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துச் சந்தில் இறங்கி அவள் வாசலில் ஏறினேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. சொல்ல வேண்டியதை எல்லாம் கோத்து வைத்திருந்தேன். அவள் ஆட்டுக்கல் பக்கத்தில் பாயில், மடியில் முறத்தோடு, வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணைச் சுற்றிக் கருப்பு விழுந்திருந்தது. ரயிலில் ஆலுவா வரை தூங்கிய மனுஷி. கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. முறத்தை எடுத்து வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்புறம் சாய்ந்தேன்.

கண் விழித்தபோது வாசலில் கூட்டம். ஆப்பரேஷன் செய்த பெண்ணைக் காணவில்லை என்று என் கணவர் படகுத்துறை வரை ஓடிவிட்டு வந்திருந்தார். இத்தனை சத்தத்துக்கும் அவள் எழவில்லை. நான் அசைந்ததும் எழுந்தாள். என்னைப் பார்த்தாள்.

"பச்சைப் புண்ணை வச்சுக்கிட்டு யாரு உன்னை இங்க நடந்து வரச் சொன்னா?" என்றாள். சேச்சி இல்லை, மலையாளம் இல்லை. நேராக என்னிடம்.

"உங்க உறக்கத்தைத் திருப்பிக் குடுக்கலாம்னு வந்தேன் அக்கா."

"சாரமில்ல" என்றாள். பரவாயில்லை என்பதற்கு எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்கிற வார்த்தை. "இப்பம் உன் புண்ணு ஆறட்டும். அப்புறம் குடு."

சில மாதங்களில் பலகைச் சுவரைப் பிரித்தோம். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மாவு அரைத்தோம். பலகைகளை யூதர் தெருவான ஜூ டவுனின் கடைக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். கணு உதிர்ந்த பலகை யார் வீட்டில் மேசையாகிக் கிடக்கிறதோ. பின்னாளில் விட்டு வந்த அந்தச் சந்து வீட்டையும், அந்தச் சுக்கு வாடையையும், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட அவள் இருமலையும் நான் இன்றுவரை தேடுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் அவளுக்குக் கர்ப்பப்பை ஆப்பரேஷன் நடந்தது. கூட்டிருப்பு யார் என்று சிஸ்டர் கேட்பதற்கு முன்பே நான் பாயை உதறி விரித்துவிட்டேன். முதல் ராத்திரி அவள் மின்விசிறியைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தாள். எங்கள் குடும்பத்தின் பெரிய தூக்கக்காரி. பயந்திருந்தாள். கட்ட ஒரு துணித் துண்டு கிடைக்குமா என்று என் பையில் தேட நான் எழுந்தபோது, அவளே தலையணைக்கு அடியிலிருந்து அந்தப் பச்சைக் கரையை எடுத்தாள். நிறம் போய் வெளுத்திருந்தது. இடது கையை நீட்டினாள்.

"அன்னிக்கு உறக்கத்தைத் தாறேன்னு சொன்னியே. இப்பம் குடு."

கட்டினேன். கட்டிலுக்கு அடியில் படுத்து மறுமுனையை என் கையில் கட்டிக்கொண்டேன். இந்தத் தடவை முதலில் இழுத்தது நான்.