ராகுகாலம் காட்டிய புரோகிராம்

குழந்தைக்காக வேலையை விட்டிருந்த என் மனைவி, மறுபடி வேலைக்குப் போக வேண்டும் என்று பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்தாள். நானும் கம்ப்யூட்டர் தொழில்தான். வகுப்பு முடிந்த அன்றைக்கு, "எனக்கு பைத்தான் தெரியும்" என்றவளை, "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று வம்புக்கு இழுத்தேன். வீம்புக்கு அவள் எழுதிய முதல் புரோகிராம் என் அம்மாவுக்கு: போனைத் தொட்டால் அன்றைய ராகுகாலம் பெரிய எழுத்தில் தெரியும். அம்மா தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கிளம்புவார்.

ஒரு வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு, காவிரிக்கு அந்தப் பக்கம் கே.கே. நகரில் அவளுக்கு இன்டர்வியூ. பல வருஷம் கழித்து வந்த முதல் அழைப்பு. ராகுகாலம் ஒன்றரை முதல் மூன்று என்றது போன். அப்படியும், காவிரிப் பாலத்தில் நெரிசலாக இருக்கும் என்று அம்மா பத்து மணிக்கே எங்களைக் கிளப்பிவிட்டார். காபியைக்கூட முழுசாகக் குடிக்க விடவில்லை. எனக்கு எரிச்சலான எரிச்சல். பாலம் காலியாகக் கிடந்தது.

அந்த அலுவலகச் சுவரில் ஒரு தினசரி காலண்டர். ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு என்று போட்டிருந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. ராகுகாலத்துக்குப் பயப்படுகிறவள் இல்லை. புரோகிராம் தப்பு என்பதுதான் பயம். போனிலேயே திறந்து பார்த்தாள். நம் வழக்கப்படி ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கி ஏழு நாளுக்கும் நேரத்தை எழுதியிருந்தாள். பைத்தானோ வாரத்தைத் திங்களிலிருந்து எண்ணுகிறது. தினமும் முந்தின நாள் ராகுகாலத்தையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நானும் கவனிக்கவில்லை, பெரிய கெட்டிக்காரன்! அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

பைத்தான் எவ்வளவு தெரியும் என்று கேட்டார்களாம். மனப்பாடம் பண்ணியதை எல்லாம் விட்டுவிட்டு, இந்தத் தப்பை அப்படியே சொல்லியிருக்கிறாள். "நான் எண்ணுற மாதிரியே அதுவும் எண்ணும்னு நெனச்சுட்டேன் சார். இனிமே அது எப்படி எண்ணுதுன்னு கேட்டுட்டுத்தான் எழுதுவேன்." வேலை அங்கேயே உறுதியாகிவிட்டது. ஒரு மொழி தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து, இத்தனை நாளும் போன் தப்பான நேரம் காட்டியதை அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மொத நாளே தெரியும்மா. கிளம்புற நேரம்தானே கணக்கு, அதான் பத்து மணிக்கே அனுப்பி வெச்சேன்."

"ஏன் அத்தை எங்கிட்ட சொல்லலை?"

"எனக்குன்னு ஆசையா செஞ்சு குடுத்தே. அதைப் போயி தப்புன்னு சொல்லுவேனா?"