கண்டிகையிலிருந்து தள்ளி வந்த வண்டி

முனிரத்தினம் போய்விட்டார் என்ற செய்தி எனக்கு அரக்கோணம் ஸ்டேஷனில் வந்தது. பார்சல் ஆபீசில் வேலையாக இருந்தேன். திருத்தணி ரயிலில் வந்து இறங்கிய பூக்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, "சார், உங்க பழைய வண்டிக்காரரு காலையில தவறிட்டாருங்க" என்றார். எந்த வண்டிக்காரர் என்று கேட்டேன். தெரியாமலா கேட்டேன்? வேறு யாராவதாக இருக்கட்டுமே என்ற ஆசைதான்.

அவரை அறிந்த உங்களுக்கு அவர் தொழிலைச் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உலகச் சண்டை முடிந்து பட்டாளம் ஏலம் விட்ட வெள்ளைக்காரன் காலத்து மோட்டார் சைக்கிள்களை இந்தச் சுற்றுவட்டாரத்து மாட்டுக்கொட்டகைகளில் தேடிப் பிடித்து, அவற்றைச் சேர்த்து வைக்கும் சென்னைப் பணக்காரர்களுக்கு விற்றார். லீவு நாளில் நானும் கூடப் போவேன். உறவொன்றும் இல்லை, ஆனாலும் தெலுங்கில் மச்சானைக் கூப்பிடுவதுபோல ஒருவரையொருவர் 'பாவா' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். வாய்க்கொழுப்பு பிடித்த மனிதர். புதுப் பெயிண்ட் அடித்த வண்டியைக் காட்டினால், "இன்னாங்க, பவுடரை இப்பிடி அப்பி வெச்சிருக்கீங்க, மொகத்தக் கழுவிக் காட்டுங்க" என்பார். விற்பவர் முறைப்பார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வண்டியையும் விற்கிறவர் கண்ணெதிரிலேயே கிளப்பி, தெருவில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் விலை பேசுவார். ஓடுகிற வண்டியை ஓடாத வண்டி என்று ஏமாற்றி வாங்கிவிட்டான் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவு ரோஷம். அந்த ரோஷம்தான் கே.ஜி.கண்டிகையில் காலை வாரிவிட்டது.

அங்கே சரோஜாம்மா என்று ஒருவர். அப்படி ஒரு பழைய வண்டியில் தறிக்காரர்களுக்கு நூல் சிப்பம் கொண்டுபோய்க் கொடுத்துவந்த அவர் புருஷன் அந்தத் தை மாதம் நெஞ்சுவலியில் இறந்துபோயிருந்தார். வண்டியை விற்கப்போவதாகச் சொல்லியனுப்பினார்கள், போனோம். முனிரத்தினம் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து, உதைத்துக் கிளப்பி, தெருக்கோடி வரை போய்த் திரும்பினார். அதுவரை என்னோடு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்த அந்த அம்மாள், சத்தம் திரும்பி வருவதைக் கேட்டதும் சட்டென்று உள்ளே போனார். வண்டி வந்து நின்றபோது கையில் தண்ணீர்ச் சொம்பும் தோளில் துண்டுமாக வெளியே வந்து, சிரித்த முகத்தோடு, "இன்னா, இன்னிக்கு இவ்ளோ நேரம்?" என்றார்.

முனிரத்தினம் சொம்பை வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நின்றார். அந்த அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு மட்டும் மெல்லப் போயிற்று. "வண்டி குடுக்கறதா இல்லீங்க, போங்க" என்று சொல்லிவிட்டுச் சொம்போடு உள்ளே போய்விட்டார்.

ஆடி மாதத்தில் சரோஜாம்மாவின் மகள் முனிரத்தினத்தைத் தேடித் திருத்தணிக்கே வந்தாள். "மாமா, தெனம் சாயங்காலம் சித்தப்பாவ வண்டிய உதைக்கச் சொல்லுது அம்மா. அந்தச் சத்தம் கேட்டாத்தான் சோறு வடிக்குது. அப்பாவுக்கும் தட்டு வெச்சிட்டு ஒக்காந்துகினு இருக்குது. பயமா இருக்குது மாமா. வந்து எடுத்துக்கினு போயிடுங்க" என்று அழுதாள்.

"ஒங்கம்மா வாயால சொல்லாம வண்டியத் தொடமாட்டேன்மா" என்றார் அவர். ஆனாலும் மூன்று பேருமாகக் கிளம்பிப் போனோம்.

சரோஜாம்மா, "வாங்கறவரு ஓட்டுவாரா?" என்று மட்டும் கேட்டார்.

சென்னைக்காரர் ஓட்டமாட்டார், ஹாலில் துடைத்து நிறுத்தி வைப்பார். ஓட்டுவார் என்று சொன்னால் அந்த அம்மாளுக்கு ஆறுதலாக இருக்குமே என்று நான் வாயெடுத்தேன். முனிரத்தினம் முந்திக்கொண்டார். "இல்லம்மா. சும்மா நிறுத்தி வெச்சிருப்பாரு. சத்தமே வராது."

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பாவி மனுஷா, காரியத்தைக் கெடுத்தாயே என்று எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

சரோஜாம்மா வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஆங், அப்ப எடுத்துக்கினு போங்க" என்றார். "வேற எவ வூட்டு வாசல்லயும் அது போய் நிக்கக் கூடாது."

முனிரத்தினம் கிக்கரைத் தொடவே இல்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தார், நான் பின்னாலிருந்து தள்ளினேன். ஐயோ, என்ன கனம்! மெயின் ரோட்டுக்கு வந்ததும், "ஊரத் தாண்டிட்டோம் பாவா, இப்ப உதைங்க" என்றேன். எதிரே ஆடிக் காற்று கண்ணில் மண்ணை வாரிப் போட்டது. அவர் நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"காத்து அந்தப் பக்கந்தான் அடிக்குது பாவா. தள்ளுங்க."

திருத்தணி மலை தெரிந்த பிறகும் தள்ளினோம். பின்னால் யாரோ வருவதுபோலவே இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை.

முனிரத்தினத்தின் காரியம் முடிந்த அன்று அவர் மனைவி, ஞாபகத்துக்கு ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்றும் வேண்டாம் என்று வந்துவிட்டேன். காற்று பற்றி அவர் சொன்ன அந்த ஒரு பேச்சு எனக்குப் போதும் என்று நினைத்தேன். போதவில்லை. சாயங்காலத்தில் எங்காவது அந்த மாதிரி வண்டிச் சத்தம் கேட்டால், அவர் இல்லை என்று தெரிந்தே எழுந்து வாசல் வரைக்கும் போகிறேன்.