‘லே!’ என்றால் திரும்பிப் பார்த்தவன்

டில்லி டிசம்பரில் வாலிபால் பந்து கல்லாகிவிடும். இரண்டு கையையும் சேர்த்து நீட்டி அதை வாங்கினால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சுரீர் என்று ஏறும். பத்துப் பந்துக்குள் கை செக்கச் செவேல் என்று ஆகிவிடும். அப்புறம் ஆபீஸில் போய் பேனா பிடித்தமாதிரிதான்...

தொண்ணூற்று நாலாம் வருஷம். வயது இருபத்திரண்டு. திருநெல்வேலியிலிருந்து கிளார்க் வேலைக்கு வந்து மூன்று மாதம். ஆளைக் கூப்பிட ‘பையா’, விலை கேட்க ‘கித்னா’ என்ற இரண்டே ஹிந்தி வார்த்தையோடு ஆர்.கே.புரத்தில் குடித்தனம். ரூம்மேட் கோபால் கும்பகோணத்துக்காரன், டில்லிக்கு நாலு வருஷப் பழசு. அவன்தான் என்னைக் குவார்ட்டர்ஸ் மைதானத்துக்கு இழுத்துப்போனான்.

டீமுக்குத் தலைவன் சத்பீர். ஹரியானாக்காரன், என் வயதுதான். முழங்காலை மடக்கு, கையை வீசாதே, பந்துக்கு அடியில் போ... எல்லாம் சைகையிலேயே சொல்லிக் கொடுத்தான். சைகைக்கு ஹிந்தி எதற்கு? ஒரு வாரத்தில் பந்து ஓரளவு மேலே எழும்பியது.

காலை ஏழு மணிக்கு என்னை எதிர்பார்த்து அந்த ஊரில் ஐந்து பேர் நின்றார்கள். அந்த ஐந்து பேரை விட்டால் எனக்கு நாதியில்லை.

ஆனால் ஆட்டம் என்று இறங்கினால் மட்டும் சொதப்பல். பந்து என் பக்கம் வரும். சத்பீர் "லே! லே!" என்று கத்துவான். நான் பந்தை விட்டுவிட்டு அவனைத் திரும்பிப் பார்ப்பேன். பந்து காலடியில் விழும்.

எங்கள் ஊரில் சிநேகிதனை ‘லே’ என்றுதான் கூப்பிடுவோம். மூன்று மாதமாக என்னை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. ஹரியானாக்காரனுக்குத் திருநெல்வேலிப் பேச்சு எப்படித் தெரியும் என்று ஆச்சரியம்... அதைவிட சந்தோஷம். கழுத்து தானாகத் திரும்பிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து செக்டாரோடு மேட்ச். வெள்ளிக்கிழமை வரிசையாக நாலு பந்தை விட்டேன். சத்பீர் கையை விரித்தபடி, ஓரமாக நின்ற கோபாலிடம் என்னவோ சொன்னான்.

"இன்னொரு பந்த விட்டேன்னா வேற ஆளாம்டா. ஏண்டா அவன் மூஞ்சியையே பாக்கற?" என்றான் கோபால்.

"அவன் ‘லே லே’ன்னு கூப்புடுதாம்லா? கூப்புட்டா திரும்பிப் பாக்காண்டாமா?"

கோபால் நெட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அட அசடே! ‘லே’ன்னா ஹிந்தில ‘எடுத்துக்கோ’டா. பந்த எடுங்கறான்!"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஊர்க்குரல் என்று நம்பியது வெறும் ‘எடுத்துக்கோ’வாம்...

கோபால் விஷயத்தை ஹிந்தியில் சொன்னான். சத்பீர் சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, "தமிழ் மே க்யா போல்தே ஹோ?" என்றான். தமிழில் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்கிறான்!

ஞாயிற்றுக்கிழமை எதிரணியின் முதல் சர்வீஸ் நேரே என்னிடம் வந்தது. சுற்றிலும் ஐந்து குரல்கள்: "ஏடு! ஏடு!" ‘எடு’வின் குறில் அவர்கள் வாயில் நுழையவில்லை. எனக்கென்ன... முழங்காலை மடக்கிக் கையை நீட்டினேன். பந்து அழகாக எழும்பி சத்பீரின் கைக்கு வாகாகப் போனது. மேட்சில் தோற்றோம், அது கிடக்கட்டும்.

இன்று என் ஹிந்தியைக் கேட்டு எந்த ஊர்க்காரன் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. சத்பீர் எங்கே இருக்கிறானோ, தெரியவில்லை. முழங்கால் முனகினாலும் ஆபீஸ் டீமில் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன வாரம் மிசோரத்திலிருந்து ஒரு பெண் புதிதாக டீமில் சேர்ந்தாள். ‘எடு’ என்பதற்கு உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். சொன்னாள். நாலு நாளாகக் கத்திப் பார்க்கிறேன், சரியாக வரவில்லை. விழுந்து விழுந்து சிரிக்கிறாள்... ஆனால் பந்தை எடுத்துவிடுகிறாள்.