சட்டையைத் தூக்கச் சொன்ன டாக்டருக்கு

என் அண்ணன் செத்த பிறகும் அவர் வயிற்றை நீங்கள் மேடையில் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள், டாக்டர். படத்தில் முகத்தை வெட்டிவிட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்று நினைத்தீர்கள். எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணன் தாராவியில் இட்லி அவித்து, அண்டாவைச் சைக்கிளில் கட்டி, ஹார்னை அமுக்கிக்கொண்டு செம்பூர் வரைக்கும் போய் விற்றவர். மலத்தில் ரத்தம் வந்தபோது மூலம் என்று நினைத்து மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் பூசினார். கடைசியில் உங்கள் ஆஸ்பத்திரியில் மலக்குடலில் புற்று என்றார்கள். அங்கே எல்லாரும் இந்தியிலும் மராத்தியிலும் எங்களை விரட்டிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் ஒருவர்தான் மாட்டுங்காத் தமிழில் பேசினீர்கள். அதற்காகவே அண்ணன் உங்களை நம்பினார். நானும் மதினியும் நம்பினோம். நம் பாஷை பேசுகிறவர் நமக்குக் கெடுதல் செய்யமாட்டார் என்று நினைக்கிற கூட்டம் நாங்கள்.

“வயித்தை நன்னாத் திறந்து பண்றது ஒரு வழி. சின்னச் சின்ன ஓட்டை போட்டு, கேமராவை விட்டுப் பண்றது இன்னொரு வழி. ரெண்டுல எது தேவலைன்னு பரிசோதனை நடக்கறது. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணும்” என்றீர்கள்.

“கம்ப்யூட்டருக்கு என்னைத் தெரியுமா சார்? எங்கிட்ட இட்லி வாங்கித் தின்னுருக்கா?” என்றார் அண்ணன்.

நீங்கள் சிரித்தீர்கள். நாங்களும் சிரித்தோம். அண்ணன் ஒத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் அவருக்கு ஓட்டையைக் கொடுத்தது.

சீக்கிரம் எழுந்து நடந்தார். அதை நான் மறுக்கவில்லை. வயிறு கிழித்த ஆள் பக்கத்துக் கட்டிலில் முனகிக்கொண்டிருந்தபோது அண்ணன் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். அதனால்தான் வெளியூர் டாக்டர்கள் வந்திருந்த அரங்குக்கு அவரைக் கூட்டிப்போய்ச் சட்டையைத் தூக்கச் சொன்னீர்கள். உள்ளே வெட்டி ஒட்டிய இடம் ஆறும்வரை மலம் வெளியேற வயிற்றின் ஒரு பக்கம் பை ஒட்டியிருந்தது. பை தழும்பை மறைத்தது. “அதைச் சித்தக் கையால ஒதுக்கிப் பிடிச்சுக்கோங்கோ” என்றீர்கள். அண்ணன் தன் மலத்தைத் தானே ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

“எல்லாவனும் என் தொப்புளத்தான் பாத்தானுவ. வலிக்கான்னு ஒருத்தன் கேக்கல” என்று வெளியே வந்து என்னிடம் சொன்னார்.

எங்கள் சந்தில் நோயைத் தழும்பை வைத்துத்தான் அளப்பார்கள். குடலிறக்கத்துக்கு நீளமாகக் கிழித்துக்கொண்டு வந்த ஒருவன் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தான். வருகிறவர்களுக்கெல்லாம் தையலைக் காட்டினான். யாரும் அவனை ஒரு சொல் சொல்லவில்லை. அண்ணனிடம் காட்ட நாலு புள்ளிதான் இருந்தது. மதினியின் தம்பி வாசலில் நின்று கேட்டான்: “என்னத்தான், நாலு கொசு கடிச்சதுக்கு இன்னும் படுத்தே கெடக்கிய? கொசுவத்தி வாங்கித் தரட்டா?”

மதினியும் சிரித்துவிட்டாள். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பையை எடுத்துவிட்டுக் குடலை உள்ளே வைத்துத் தைத்த கொஞ்ச நாளில் அண்டாவைத் தூக்கிவிட்டார்.

பிறகு வலி வந்தது. உட்காரும் இடத்தில், எலும்புக்குள். சைக்கிள் சீட்டுதான் காரணம் என்றது சந்து. அண்டாவின் கனம் என்றாள் மதினி. நான் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை செய்கிறவள். அங்கிருந்து ஸ்பாஞ்ச் கொண்டுவந்து சீட்டுக்குத் தடிமனாக உறை தைத்துக் கொடுத்தேன். அதன் மேலும் அவரால் உட்கார முடியவில்லை. நின்றபடியே மிதித்துச் செம்பூருக்குப் போனார்.

உங்களிடம் கூட்டிவந்தோம். பாரம் தூக்குகிறாயா, சைக்கிள் ஓட்டுகிறாயா என்று உங்கள் ஜூனியர் இந்தியில் கேட்டார். ஆமாம் என்றதும் அதுதான் என்றார். நீங்கள் போனிலிருந்து தலையை நிமிர்த்தினீர்கள்.

“கனம் தூக்கப்படாதுன்னு சொன்னேனோல்லியோ? தழும்பு பிரமாதமா ஆறியிருக்கு, பாருங்கோ.”

வலி பின்னால் இருந்தது. நீங்கள் முன்னால் பார்த்தீர்கள். ஒவ்வொரு தடவையும் வலி மாத்திரை கொடுத்து அனுப்பினீர்கள். அண்ணனால் சைக்கிளில் ஏறவே முடியாமல் போன பிறகுதான் ஸ்கேன் எடுத்தீர்கள். புற்று அதே இடத்தில் திரும்ப வந்து எலும்பைப் பிடித்திருந்தது. இனி வெட்ட முடியாது என்று சொல்ல ஜூனியரை அனுப்பினீர்கள். நீங்கள் வரவில்லை.

கடைசியில் அண்ணனால் உட்காரவும் முடியவில்லை, மல்லாக்கப் படுக்கவும் முடியவில்லை. தரையில் முட்டிபோட்டு, கவிழ்த்து வைத்த இட்லி அண்டாவின் மேல் தலையைச் சாய்த்துக் கிடப்பார். மதினியின் தம்பி பார்க்க வந்தபோது தலையைத் தூக்காமலே கேட்டார்: “கொசுவத்தி வாங்கியாந்தியா மாப்ள?” அவன் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனான். இந்த வீட்டுப் பக்கம் பிறகு வரவில்லை. அண்ணன் அந்த அண்டாவின் மேலேயே செத்தார்.

அண்ணன் மகள்தான் போனில் நீங்கள் மேடையில் பேசிய வீடியோவைக் கண்டுபிடித்தாள். திரையில் ஒரு வயிறு, நாலு புள்ளி, பையை ஒதுக்கிப் பிடித்த ஒரு கை. கட்டைவிரலில் ஆவி பட்டு வெந்து வெளுத்த தோல்.

“அத்தை, இது அப்பா கைல்லா?” என்றாள்.

அடியில் இங்கிலீஷில் எழுதியிருந்ததை அவள்தான் படித்துச் சொன்னாள். சின்னத் தழும்பு, சீக்கிரமே வேலைக்குத் திரும்பினார். அதில் பொய் கிடையாது. திரும்பத்தான் செய்தார்.

பெரிதாகக் கிழித்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நீங்கள் பரிசோதனை நடத்தினீர்கள். அப்படியென்றால் அவர் சீக்கிரம் எழுந்து நடந்ததைச் சொன்ன வாயால் அவர் செத்ததையும் சொல்ல வேண்டும்.

எனக்குத் தனியாக ஆறுதல் சொல்ல ஆள் அனுப்பாதீர்கள். அடுத்த தடவை அந்தப் படத்தைப் போடும்போது, அதே மேடையில், மைக்கைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். வெட்டி எடுத்த துண்டின் ஓரத்தில் புற்று மிச்சம் இருந்ததா, இல்லையா? வலி என்று வந்தவரை ஸ்கேன் எடுக்காமல் ஏன் திருப்பி அனுப்பினீர்கள்? உங்கள் பரிசோதனைக் கணக்கில் அண்ணனைத் தேறினவர்கள் பக்கம் சேர்த்தீர்களா, செத்தவர்கள் பக்கம் சேர்த்தீர்களா? கை தட்டினவர்கள் முன்னால் சொல்லுங்கள், டாக்டர். எங்களை மயக்கிய அந்தத் தமிழிலேயே சொல்லுங்கள்.